காலாவதி என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருபத்தாறு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இதுவரை அபராதம் கட்டியதில்லை. எனவே கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் ஆதங்கம் உண்டு, மறைக்கவில்லை.

போன வைகாசியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர் எதிர்த் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். கையில் பிரிக்காத சேமியா பாக்கெட், தேதி முடிந்து நான்கு நாள். "இதைப் போய் என் தலையில கட்டிட்டியேப்பா" என்றார். அவர் வாங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது, அலமாரியில் பின்னுக்குத் தள்ளப்பட்டு மறந்துபோயிருக்கிறது. பேசாமல் புது பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். பழையதைப் பிரித்துப் பார்த்தேன். வண்டு இல்லை, வாடை இல்லை, ஒடித்தால் படக்கென்று ஒடிகிறது. "சார், இது நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். வெளியே போட்டால் நாய் தின்று செத்துவிடுமாம், அந்தப் பாவம் வேறு எதற்கு என்றார்.

மூன்று நாள் கழித்து பின் தெருப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அண்ணா, நீங்க குடுத்த டப்பா பாலைக் குடிச்சிட்டுக் குழந்தை ராத்திரியெல்லாம் வாந்தி." டப்பாவை வாங்கித் தேதி பார்த்தேன். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மெதுவாக விசாரித்தபோது விஷயம் வந்தது. முதல் நாள் காலையில் பிரித்து, பாதியைக் காய்ச்சிவிட்டு, மீதியை டப்பாவோடு அடுப்படி மேடையிலேயே வைத்திருக்கிறாள். சாயந்திரம் அதிலிருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். "கடையில நீங்க வெளியிலதானே அடுக்கி வெச்சிருக்கீங்க? நான் மட்டும் ஃபிரிட்ஜ்ல வெக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பதில் டப்பாவின் பக்கவாட்டில் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு வரிசை போல. குழந்தை மறுநாளே தேறிவிட்டது. பாலால்தான் வந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அந்தப் பால் திரிந்து போயிருந்ததை நானே ஊற்றிப் பார்த்தேன்.

என் மகள் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். அந்த டப்பா பாலைச் சில வினாடிகள் 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கிருமி நீக்கிய டப்பாவில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அதனால்தான் ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கிறது. கத்தரியால் மூலையை வெட்டிய நிமிடம் அதுவும் சாதாரணப் பால்தான். மேலே அச்சடித்த தேதி, மூடியிருக்கும் டப்பாவுக்கு மட்டும். இதைக் கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இத்தனை வருடம் இதை விற்றுக்கொண்டிருக்கிறேன், ஒருவருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறேனா?

வாத்தியாரும் அந்தப் பெண்ணும் படிக்காதவர்கள் இல்லை. இரண்டு பேரும் தேதியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். அதை நம்பி ஒருவர் நல்ல பொருளைக் கொட்டினார், இன்னொருத்தி கெட்டதைக் கொடுத்தாள். இந்த இடத்தில்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்ச் சமையலறையில் உணவு கெடுவதற்கு எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். முறுக்கு நமுத்துப்போகும். பால் திரிந்துபோகும். மாவு புளித்துப்போகும். சாம்பார் ஊசிப்போகும், இன்னும் விட்டால் நூல் விடும். எண்ணெயில் சிக்கு வாடை வரும். தேங்காய் காறும். ரொட்டியில் பூஞ்சை பூக்கும். பருப்பில் வண்டு விழும். கடலை சொத்தையாகும். மீன் வீச்சம் அடிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தீர்ப்பு ஒட்டியிருக்கிறது. நமுத்ததை வாணலியில் பிரட்டினால் போதும். புளித்த மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் வார்த்துவிடலாம். வண்டு விழுந்ததை வெயிலில் காயப்போட்டுப் புடைத்தெடுக்கலாம். ஊசியது என்றால் யோசிக்கவே கூடாது, கொட்டிவிட வேண்டியதுதான். என் அம்மா எந்தத் தேதியையும் பார்க்காமல் ஒன்பது பேருக்குச் சமைத்தாள்.

இத்தனை சொல்லுக்கும் பதிலாக இப்போது இருப்பது "காலாவதி" என்ற ஒரு சொல். சேமியாவும் காலாவதி ஆகிறது, பனீரும் காலாவதி ஆகிறது, அவசரச் சட்டமும் பாஸ்போர்ட்டும்கூடக் காலாவதிதான் ஆகின்றன.

இது வெறும் தமிழ்ப் பிரச்சினை இல்லை. 2011-ல் வந்த உங்கள் லேபிள் விதிகளில் "பெஸ்ட் பிஃபோர்" என்பதற்குப் பெரிய இடம் இருந்தது. 2020-ல் வந்த புதிய விதிகள் அதை விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, "எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை" தேதியைக் கட்டாயம் ஆக்கின. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் விதிகளே அழகாக எழுதி வைத்திருக்கின்றன. "பெஸ்ட் பிஃபோர்" என்பது, அந்த நாள்வரை பொருள் தன் தரத்தோடு இருக்கும், அதற்குப் பிறகும் உண்ணத் தகுந்ததாக இருக்கலாம் என்கிறது. "எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை" என்பது, அந்த நாளுக்குப் பிறகு தரமும் பாதுகாப்பும் எதிர்பார்த்தபடி இருக்காது, விற்கவும் கூடாது என்கிறது. புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக வைத்துக்கொண்டு, பாக்கெட்டுக்கு வரும்போது பிஸ்கட்டுக்கும் பனீருக்கும் ஒரே முத்திரை குத்தினால் வாங்குகிறவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

மற்ற நாடுகளில் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் "யூஸ் பை" உடம்புக்கு ஆகுமா என்பதற்கு, "பெஸ்ட் பிஃபோர்" சுவைக்கும் தரத்துக்கும். ஜப்பானில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்: சீக்கிரம் கெடுகிற சோற்றுப் பொட்டலம், சாண்ட்விச் போன்றவற்றுக்கு "ஷோஹி கிகென்", பிஸ்கட், நூடுல்ஸ் மாதிரி தாக்குப்பிடிப்பவற்றுக்கு "ஷோமி கிகென்". சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், அயோடின் சேர்க்காத உப்பு, சர்க்கரை, வினிகர் இவற்றுக்குத் தேதியே வேண்டாம் என்கிறது.  என் கடையில், கோடிக்கணக்கான வருடம் பூமிக்கடியில் கிடந்த இந்துப்பு பாக்கெட்டிலும் தேதி இருக்கிறது!

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். இந்தத் தேதியை அரசாங்கம்தான் குறித்துக் கொடுக்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பக்கத்திலேயே உங்கள் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருப்பதால் வரும் குழப்பம். பெரும்பாலான பொருளுக்கு நாளைக் கணக்குப் போடுவது தயாரிப்பவர்தான். கம்பெனி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மாதம் முன்பாகவே கோடு போட்டால் அது அவர்கள் வியாபாரம். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டினால் விஷம் என்று என் வாத்தியார் நம்புகிறாரே, அந்த நம்பிக்கை உங்கள் முத்திரையால் வந்தது.

அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 2010-ல் சென்னை கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் கொட்டிய காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, புதுத் தேதி ஒட்டி விற்றது அம்பலமானது. அதற்கு முன்பு எங்கள் ஊரில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகூட மிட்டாய்க் கவரைத் திருப்பிப் பார்க்கிறது. நல்ல பழக்கம்தான். மருந்தில் தொடங்கிய பயம் அப்படியே மளிகைக்கு வந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

அதற்காக, தேதியைத் தூக்கிப் போடுங்கள், மூக்கை நம்புங்கள் என்று சொல்ல வரவில்லை. மகள் படிக்கப் போன பிறகு எனக்குப் பெரிய அதிர்ச்சி தந்தது இந்த விஷயம்தான். நாற்றம் வரவைக்கும் கிருமி வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கிருமி வேறு என்கிறாள். என் அம்மாவின் சொற்கள் எல்லாம் முதல் வகைக்கானவை. இரண்டாவது வகைக்குத் தமிழில் சொல்லே இல்லை, ஏனென்றால் அதைக் கண்ணோ மூக்கோ நாக்கோ கண்டுபிடிக்காது.

சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியோடு ஒட்டிக்கொண்டு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. வடித்த சோறு மதியத்திலிருந்து இரவுவரை வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அது முளைத்துப் பெருகும். அப்போது அது உண்டாக்கும் நச்சு ஒன்று, மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. "நல்லாக் கொதிக்க வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்த வார்த்தை இங்கே செல்லாது. உடனே பழைய சோற்றைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது புளிக்கத் தொடங்கும், அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கிவிடும். நம் ஆட்கள் தண்ணீர் ஊற்றியதில் காரணம் இருக்கிறது. ஆபத்து, தண்ணீரும் ஊற்றாமல், ஃபிரிட்ஜிலும் வைக்காமல் குக்கரிலேயே விடுகிற சோற்றில். ஃபிரைடு ரைஸ் கடைகளில் மத்தியானமே வடித்துத் தட்டில் பரப்பி வைத்த சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அதில் எந்தத் தேதியும் அச்சடிப்பதில்லை.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களும் அப்படித்தான். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், குழம்பு வைத்தாலும் போகாது, வீச்சம் அடிக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மிளகாய், மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இன்னும் மோசம். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடி கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள். கடலை மூட்டை வந்தால் இப்போது நான் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கிவிட்டுத்தான் எடை போடுகிறேன். "எடை குறையுதே" என்று வீட்டில் திட்டு விழும்.

அப்புறம், "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்." இந்த வரியை எழுதியவரை அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் எங்கள் ஊருக்கு அழைத்து வர ஆசை. தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு மணிக்குக் கடைக்குள் நிற்கச் சொல்லி, குளிர்ந்த இடம் எது என்று காட்டச் சொல்ல வேண்டும். தேதி என்பது இவ்வளவு சூட்டில் இத்தனை நாள் என்ற கணக்கு. சூடு மாறினால் கணக்கும் மாறும். சாக்லேட் வெளுத்துப்போவதும், எண்ணெய்ப் பலகாரம் தேதிக்கு முன்பே சிக்கு வாடை அடிப்பதும் எங்களுக்குப் பழகிய காட்சி.

இதில் என் தப்பும் உண்டு. மூன்று வருடம் முன்புவரை கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி கடை சாத்தும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன். காலையில் போட்டால் ஒன்பது மணிக்குள் ஜில்லென்று ஆகிவிடும், யாருக்குத் தெரியும்? உள்ளே தயிரும் பனீரும் இருக்கும். தேதிப்படி எல்லாம் சரியாக இருக்கும். குளிர வைக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழே, சூடாக வைக்க வேண்டியது 60-க்கு மேலே, நடுவில் இருப்பது கிருமிக்குக் கல்யாண விருந்து என்று மகள் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். இன்றும் பல கடைகளில் அணைக்கிறார்கள். உங்கள் அலுவலர்கள் வரும்போது தேதியைத்தான் பார்க்கிறார்கள். ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. பகலில் வந்தால் தெரியவும் தெரியாது.

மாவு பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என் கடையில் நாளைக்கு நாற்பது போகும். பக்கத்துத் தெருவில் அரைத்து, பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வரும். தேதி கிடையாது. பாக்கெட் உப்பியிருந்தால் கெட்டது என்று திருப்பித் தருகிறார்கள். புளிக்கும்போது வாயு வரத்தான் செய்யும், அது மாவின் இயல்பு. அதே உப்பல், அடைத்த டின்னிலோ ஜூஸ் டப்பாவிலோ வந்தால் திறந்து முகரக்கூட வேண்டாம், அப்படியே எறிந்துவிட வேண்டும். ஒன்றில் இயல்பு, இன்னொன்றில் எமன். இப்போது மாவு அரைப்பவரிடம் பேனாவால் நாளை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். முதலில் முறைத்தார், இப்போது எழுதுகிறார்.

நீங்கள் நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 அக்டோபரிலிருந்து உதிரி இனிப்புத் தட்டுகளிலும் நாள் எழுதி வைக்கச் சொன்னீர்கள். 2024-ல், ஆன்லைனில் விற்பவர்கள் பொருளைக் கையில் கொடுக்கும்போது ஆயுளில் 30 சதவீதமோ, 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்றீர்கள். தேதி முடிந்த சரக்கு எங்கே போகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிகள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டீர்கள். கடைசியாகச் சொன்னது எங்களுக்கு ரொம்ப முக்கியம். பெரிய கம்பெனி ஏஜென்சிக்காரர் டேட் முடிந்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார். உள்ளூர்ச் சரக்கு போடுகிறவர் "அது உன் பாடு" என்று வண்டியை எடுத்துவிடுவார். அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாத கடைக்காரன்தான் அச்சடித்த தேதியை அழிக்கத் தின்னர் பாட்டிலைத் தேடுகிறான். அவனை நியாயப்படுத்தவில்லை, எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

உங்கள் விதிப்படி லேபிளில் இருக்க வேண்டியவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழி, விருப்பம் இருந்தால் கூடுதலாகப் போடலாம். தமிழ்நாட்டில் விற்கிற பொருளில் தேதியும் வைக்கும் முறையும் தமிழில் கட்டாயம் என்று ஆக்குங்கள். கம்பெனிக்காரர்கள் இடம் இல்லை என்பார்கள். விளம்பர வாசகத்துக்கும் நடிகர் படத்துக்கும் இடம் இருக்கிறதே. இரண்டு தேதிக்கும் இரண்டு தமிழ் வாசகம் வையுங்கள். "இந்த நாளுக்குப் பின் உண்ணாதீர்" என்பது பால், பனீர், இறைச்சி, குழந்தைகளுக்கான பால் மாவு இவற்றுக்கு. "இந்த நாள் வரை சுவை குறையாது" என்பது ரவை, சேமியா, பிஸ்கட், பருப்புக்கு. "தயாரித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்" என்று விரல் விட்டு எண்ண வைக்காமல் முடிகிற நாளையே போடச் சொல்லுங்கள். பிரித்த பிறகு எத்தனை நாள், எங்கே வைக்க வேண்டும் என்பது அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் வரட்டும்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சைவத்துக்குப் பச்சைப் புள்ளி வைத்தீர்கள் அல்லவா? என் கடைக்கு வரும் எண்பது வயது ஆயா, பேர்கூட எழுதத் தெரியாதவர், அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் கேக் வாங்குகிறார். அதே மாதிரி, பிரித்ததும் ஃபிரிட்ஜில் வை என்பதற்கு ஒரு குறி, கட்டாயம் எறி என்பதற்கு ஒரு குறி, உங்களால் முடியாதா?

இதற்கிடையில் நானாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "பாக்கெட் பிரித்த நாளைப் பேனாவால் அதன்மேல் எழுதவும். டப்பா பாலைப் பிரித்தால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடிக்கவும். வீட்டில் பிரிக்காமல் இருக்கும் ரவை, சேமியா தேதி தாண்டியிருந்தால் வண்டு, பூஞ்சை, வாடை பார்த்து முடிவு செய்யவும். பால், பனீர், குழந்தை மாவு தேதி தாண்டினால் முகர்ந்து பார்க்க வேண்டாம், கொட்டவும். மதியச் சோறு இரவுக்கு என்றால் ஆற வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கவும்."

தேதி தாண்டியதை நான் விற்பதில்லை, விற்கவும் மாட்டேன், அது சட்டம். பலகை, ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக. போன மாதம் ஆய்வுக்கு வந்த ஒருவர் இதைப் படித்துவிட்டு, "இதையெல்லாம் கடைக்காரர் எழுதலாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் தினமும் நின்று படித்துவிட்டுப் போகிறார், ஒரு எழுத்துப் பிழையையும் திருத்தினார். வாசகத்தில் தவறு இருந்தால் நீங்களும் திருத்தி அனுப்புங்கள், அழித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
வேலூர் மாவட்டம்